400 சதுர அடி வீடு, பக்கத்துல கடல்: ராமேஸ்வரம் கரையில் இன்டீரியர் செய்யும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டது. அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், முழுவதும் வெல்டிங் செய்யப்பட்ட இணைப்புகள், மேலே பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சு என்று ஏகப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடுகள். காரணம் ஒன்றுதான், உப்புக் காற்று. 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் தூக்குப் பகுதி அரித்துப் போனதால்தான் 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

ரயில்வேயே இவ்வளவு பயந்த அதே காற்றுதான், பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் நம்ம வீட்டு ஜன்னல் வழியாகவும் உள்ளே வருது. ஆனா நாம என்ன செய்றோம்? பெங்களூரு அபார்ட்மென்ட் வீடியோ ஒன்றை கார்பென்டரிடம் காட்டி, "இதே மாதிரி செஞ்சு குடுங்க" என்கிறோம். லட்சக்கணக்கில் செலவாகிறது. இரண்டு மழைக்காலம் முடிவதற்குள் சமையலறை கபோர்டின் அடிப்பலகை ஊறி உப்புகிறது, கீல் துருப்பிடித்துக் கதவு தொங்குகிறது, கண்ணாடியின் ஓரம் கறுக்கிறது.

சிறிய வீட்டில் இடத்தை மிச்சம் பிடிப்பது ஒரு வேலை. கடற்கரையில் அந்த ஏற்பாடு பத்து வருஷம் தாங்குவது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்து எப்படித் திட்டமிடுவது என்று பார்ப்போம்.

முதல் கேள்வி: உங்க வீடு உண்மையில் எத்தனை சதுர அடி?

விளம்பரத்தில் 500 சதுர அடி என்று இருக்கும். உள்ளே போய் டேப் பிடித்தால் அவ்வளவு வராது. படிக்கட்டு, லிஃப்ட், வெளிச்சுவர் எல்லாம் அந்த 500-க்குள் சேர்ந்திருக்கும். 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் (ரெரா) 'கார்பெட் ஏரியா' என்பதைத் தெளிவாக வரையறுக்கிறது. வீட்டுக்குள் நீங்கள் பயன்படுத்தக்கூடிய தரைப்பரப்பு, அதோடு உள்தடுப்புச் சுவர்கள். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டை மாடி இதில் சேராது. இன்டீரியர் திட்டத்துக்கு இந்த எண் மட்டுமே உதவும்.

அரசுத் திட்ட வீடுகளின் அளவைப் பார்த்தால் ஒரு ஒப்பீடு கிடைக்கும்.

- பிரதமர் வீடு கட்டும் திட்டம் (கிராமப்புறம்): குறைந்தபட்சம் 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி.
- அதே திட்டம் (நகர்ப்புறம்), 2015-ல் தொடங்கியபோது பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவினருக்கு வைத்த அளவு: கார்பெட் ஏரியா 30 சதுர மீட்டர் வரை, சுமார் 323 சதுர அடி.
- தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம்: 360 சதுர அடி.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீடு என்றாலே இந்த அளவுதான். மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் 10-க்கு 10 அறைகளில் தலைமுறைகளாகக் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. தமிழகம் முழுவதும் உள்ள முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரப்போவதாக 2021-ல் அரசு அறிவித்ததே, அந்த இடம் மனிதர் வாழப் போதாது என்பதால்தான். 'மினிமலிசம்' என்ற ஃபேஷன் பெயர் வருவதற்கு ரொம்ப நாள் முன்பே, சின்ன இடத்தில் எப்படி வாழ்வது என்பது இந்தக் கரைக்காரர்களுக்குத் தெரியும்.

எந்த அளவுக்குக் கீழே போனால் அறை அறையாக இருக்காது? தேசியக் கட்டட விதித் தொகுப்பு (2016) ஒரே அறை கொண்ட வீட்டில் அந்த அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர் (சுமார் 102 சதுர அடி), சமையலறை 5 சதுர மீட்டர் (சுமார் 54 சதுர அடி) இருக்க வேண்டும் என்கிறது. இதைவிடச் சிறியதாக அறையைப் பிரித்துத் தடுப்பு போடச் சொன்னால், ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

இந்தக் காற்றில் அப்படி என்ன இருக்கு?

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளில் உப்பு இருக்கிறது. நீர் காய்ந்த பிறகும் உப்புத் துகள் காற்றில் மிதந்து வந்து பூட்டிலும், ஃபேனிலும், சுவிட்ச் போர்டுக்குள்ளும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே விஷயம்தான். மழைத்துளியே படாத அலமாரிக் கீல்கூட உப்புநீரில் நனைந்த மாதிரி ஆகிவிடுகிறது. துரு அங்கிருந்து ஆரம்பிக்கிறது.

காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்ம ஊர்க்காரர்கள் சொல்ற 'சிக்ரி', உலோகங்களைக் கடல் காற்றில் வைத்து ஆராய மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவிலேயே உலோகம் வேகமாக அரிக்கும் இடங்களில் இந்தக் கரையும் ஒன்று.

எந்தப் பக்கத்து ஜன்னல் அதிகம் பாதிக்கும்? இதை மீனவர்களிடம் கேட்டாலே போதும். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கில் இருந்து வீசும். மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும் காலம் அது. மழைக்காலத்தில் தொடங்கி தை, மாசி வரை வாடைக் காற்று வடகிழக்கில் இருந்து வரும். அப்போது பாக் நீரிணைப் பக்கம் அலை அதிகம். உங்க வீட்டு ஜன்னல் எந்தக் காற்றுக்கு நேராகத் திறக்கிறதோ, அந்தச் சுவரை ஒட்டி டிவி, கம்ப்யூட்டர், மின்சாதனங்களை வைக்காதீர்கள். அலைக்கரையில் இருந்து தள்ளிப் போகப் போக உப்புப் படிவது வேகமாகக் குறையும். அதனால் உள்ளே தள்ளி இருக்கும் ராமநாதபுரம் டவுனில் பெரிய எதிரி உப்பைவிட வெயிலும் புழுதியும்தான்.

பெயின்ட், ஃபால்ஸ் சீலிங்குக்கு முன்னாடி கூரையைப் பாருங்க

இதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி. அழகு பற்றியது இல்லை, தலை பற்றியது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் அதன் பருமன் இரண்டில் இருந்து ஆறு மடங்கு வரை பெருகும். உள்ளிருந்து அந்த அழுத்தம் கான்கிரீட்டை விரிசல் விட வைக்கும். முதலில் கம்பி போகும் கோட்டிலேயே நேரான ஒரு விரிசல். பிறகு பழுப்புக் கறை. பிறகு ஒருநாள் காரை பெயர்ந்து விழும்.

ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் வளர்ந்த பூர்வீக வீடு 19-ம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டப்பட்டது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவருக்குள் கம்பி கிடையாது, அதனால் உள்ளிருந்து துரு வெடிக்கும் பிரச்சினையும் கிடையாது. 1980-களிலும் 90-களிலும் கட்டிய கான்கிரீட் குடியிருப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இப்போது அதே கூரைக்குக் கீழே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டால் என்ன ஆகும்? விரிசல் வளர்வது கண்ணுக்குத் தெரியாது. மேலிருந்து கசிவு வந்தால் ஜிப்சம் ஊறிய பிறகுதான் தெரியும். கூடவே 10 அடி உயர அறை 9 அடியாகும், ஃபேன் இன்னும் கீழே இறங்கும். சிறிய அறையில் உயரம்தான் உங்களிடம் மிச்சம் இருக்கும் ஒரே தாராளம். அதையும் விட்டுவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. கூரையை மரக்கட்டையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் வரும் இடங்களைச் சாக்பீஸால் குறியுங்கள். அப்படி இடங்கள் இருந்தால், இன்டீரியர் ஆளைக் கூப்பிடும் முன் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். தளர்ந்த காரையை நீக்கி, கம்பியில் துருவைச் சுரண்டி, பூச்சு கொடுத்து, சரியான கலவையால் மூட வேண்டும். மேலே சும்மா சிமென்ட் பூசி வெள்ளையடித்தால் உள்ளே துரு வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

எந்த மெட்டீரியல் தாங்கும்?

பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப்: ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைக்கும் ரெடிமேட் அலமாரிகள் பெரும்பாலும் இவைதான். ஈரம் ஏறினால் உப்பும், உப்பினால் திரும்பப் பழைய நிலைக்கு வராது. சமையலறைக்கும் குளியலறைக்குப் பக்கத்துச் சுவருக்கும் வேண்டவே வேண்டாம்.

பிளைவுட்: 'வாட்டர்ப்ரூஃப்' என்ற வார்த்தையை நம்பாமல் பலகையில் உள்ள ஐஎஸ் எண்ணைப் பாருங்கள். ஐஎஸ் 303 பொதுப் பயன்பாட்டுக்கானது. ஐஎஸ் 710 மரைன் தரம். தொடர்ந்து 72 மணி நேரம் கொதிநீரில் வேகவைத்துப் பார்க்கும் சோதனை அதற்கு உண்டு. வீடு முழுக்க 710 போட பட்ஜெட் இல்லையா? சிங்க் அடியிலும், தரையை ஒட்டிய பலகைகளிலும் மட்டுமாவது போடுங்கள். வெட்டிய ஓரங்களை மூடாமல் விட்டால் எந்தப் பிளைவுட்டும் அங்கிருந்துதான் கெடும்.

கடப்பாக் கல்: நம்ம ஊர்ச் சமையலறையில் அம்மா காலத்து ஷெல்ஃப் எல்லாம் இதுதான். துருப்பிடிக்காது, உப்பாது, கரையான் தொடாது. கடப்பாவில் தட்டுகள் வைத்து, முன்னால் அலுமினியக் கதவு மட்டும் போட்டால் மாடுலர் கிச்சன் தோற்றமும் வரும், ஆயுளும் வரும். 'பழைய ஸ்டைல்' என்று இடித்துத் தள்ளிவிட்டுப் பார்ட்டிகிள் போர்டு வைப்பவர்களைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: எல்லா 'எஸ்எஸ்'ஸும் ஒன்று இல்லை. விலை குறைந்த 202 தரம் கடற்கரையில் சீக்கிரமே டீக்கறை மாதிரிப் பழுப்பாகும். 304 பரவாயில்லை. 316-ல் 2 முதல் 3 சதவிகிதம் மாலிப்டினம் சேர்ப்பதால் உப்புக்கு நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் 202-க்கும் 304-க்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டுமே அநேகமாக ஒட்டாது. தரத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கடலைப் பார்த்த பால்கனிக் கைப்பிடிக்கு 316, உள் அலமாரிக் கீலுக்கு 304 என்று பிரித்தால் செலவு கட்டுப்படும்.

ஜன்னல்: யுபிவிசி உப்பால் அரிக்காது. ஆனால் அதன் கைப்பிடி, ஸ்க்ரூ எல்லாம் இரும்பாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. கொசுவலைக்கு ஃபைபர் கிளாஸ் வலை நல்லது.

பனை: ராமநாதபுரத்தில் பனைக்கா பஞ்சம்? மூடியுள்ள ஓலைப்பெட்டிகள் திறந்த ஷெல்ஃபில் அழகாகவும் இருக்கும், காற்றும் போகும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வியர்த்துப் போகும் துணிமணி, காகிதங்களுக்கு இது மேல்.

ஒரே ஹால், மூணு ஷிஃப்ட்

இடத்தைப் பிரிப்பதற்குப் பதில் நேரத்தைப் பிரிப்பதுதான் சிறிய வீட்டின் அடிப்படைச் சூத்திரம். இதை உலகம் முழுக்கப் பேச வைத்தவர் ஹாங்காங் கட்டடக் கலைஞர் கேரி சாங். 344 சதுர அடி ஃபிளாட். சிறுவயதில் பெற்றோர், மூன்று சகோதரிகளோடு அவர் வாழ்ந்த அதே வீடு. பின்னாளில் அதை வாங்கி, கூரையில் தண்டவாளம் அமைத்து, நகரும் சுவர்களால் 24 விதமாக மாறும் வீடாக்கினார். சுவரைத் தள்ளினால் சமையலறை, இன்னொன்றைத் தள்ளினால் படுக்கை.

நகரும் சுவர் நமக்குச் சரிவராது. சக்கரமும் தண்டவாளமும் உப்பில் இறுகிவிடும். ஆனால் யோசனையை எடுத்துக்கொள்ளலாம். காலையில் சாப்பாட்டு இடம், பகலில் ஆபீஸ், இரவில் படுக்கை. ஒரே ஹால் இந்த மூன்று ஷிஃப்டும் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹால் 13-க்கு 10, அதாவது 130 சதுர அடி. மூன்று பேர் உட்காரும் சோஃபா சுமார் 20 சதுர அடி எடுக்கும். நான்கு பேர் டைனிங் டேபிள், நாற்காலியை இழுத்து உட்காரும் இடத்தோடு சேர்த்து, 7-க்கு 6, அதாவது 42 சதுர அடி. இரண்டுக்கே 62 சதுர அடி போச்சு. ஹாலில் பாதி காலி. இதில் டேபிளை நாள் முழுக்க யாரும் பயன்படுத்துவதில்லை.

மாற்று என்ன? சுவரில் மடக்கும் 3 அடி அகலப் பலகை ஒன்று. சாப்பிடும்போது டேபிள், லேப்டாப் வைத்தால் ஆபீஸ், மடக்கினால் சுவர். சோஃபாவுக்குப் பதில் அடியில் டிராயர் உள்ள திவான். பகலில் உட்கார, இரவில் ஒருவர் படுக்க. பெட்ரூமில் ஆறடி அகலக் கட்டிலுக்குப் பதில் ஐந்தடிக் கட்டில் போட்டால் ஆறரைச் சதுர அடி மிச்சம். நடக்கிற வழியில் கிடைக்கும் ஓரடி என்பதால் அந்த வித்தியாசம் தினமும் தெரியும்.

கட்டிலுக்கு அடியில் ஸ்டோரேஜ் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தரையோடு மூடிய பெட்டிக் கட்டில் இந்த ஈரக்காற்றில் பூஞ்சைக் கூடமாகும். காலுள்ள கட்டில், அடியில் மூடிபோட்ட பெட்டிகள், மாதம் ஒருமுறை வெளியே இழுத்து வெயில் காட்டுவது. இது போதும். சுவரோடு அலமாரியை ஒட்டாமல் இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள்.

அமாவாசைக்குச் சொந்தக்காரங்க வந்தா?

எந்த இன்டீரியர் வீடியோவும் சொல்லாத, ராமேஸ்வரத்துக்கே உரிய கேள்வி இது. ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை என்றால் ஊரில் இருந்து பெரியப்பா குடும்பம், சித்தி குடும்பம் எல்லாம் நம்ம வீட்டில்தான். இரண்டு பேர் வாழும் வீட்டில் அன்றிரவு எட்டுப் பேர் படுக்க வேண்டும். அதோடு விடிகாலையில் அக்னி தீர்த்தத்திலும் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு எட்டுப் பேரும் திரும்புவார்கள்.

அதற்காக வருஷத்தில் மூன்று நாளுக்கு ஒரு கெஸ்ட் ரூம் கட்ட முடியாது. ஆனால் மூன்று ஏற்பாடு செய்யலாம்.

- ஹாலின் நடுத்தரை எப்போதும் காலி. டீப்பாய் வைத்தே ஆக வேண்டும் என்றால் மடக்கக்கூடியது. நான்கு கோரைப்பாய்களைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்த ஓரடி இடம் போதும்.
- வாசலுக்கு உள்ளேயோ பால்கனியிலோ ஒரு 'ஈர இடம்'. ஈரச்செருப்பு, ஈரத்துணி, வாளி எல்லாம் அங்கேயே நிற்க வேண்டும். உப்புநீர் மர ஃபர்னிச்சர் பக்கம் போகவே கூடாது.
- கப்பி வைத்து மேலே இழுக்கும் துணிக்கொடி. தரையில் நிற்கும் ஸ்டாண்ட் மாதிரி வழியை அடைக்காது. கம்பி அலுமினியம், கயிறு நைலான். உப்புத்துணியை ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே காயப்போடுங்கள். இல்லாவிட்டால் காயவே காயாது.

சமையலறை: ஆறடிக்கு ஒன்பதடியில் என்னென்ன?

1926-ல் மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 70 சதுர அடி. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எத்தனை முறை திரும்புகிறார் என்று கணக்கிட்டுச் செய்தது. சுமார் 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனின் பாட்டி அது.

அவர் கேட்ட கேள்வியை நாமும் கேட்கலாம். நம்ம சமையலறையில் தினமும் நடப்பது என்ன? இந்தக் கரையில் பெரும்பாலான வீடுகளில் மீன் கழுவுவது உண்டு, மாவு அரைப்பது உண்டு, தண்ணீர் பிடித்து வைப்பது உண்டு.

மீன்: முடிந்தால் பால்கனி அல்லது யுடிலிட்டியில் ஒரு சிறிய சிங்க், கீழே ஒரு திட்டு. கழுவும் வேலை அங்கேயே முடிந்தால் சமையலறைக்குள் வாடையும் ஈரமும் பாதி குறையும். கருவாட்டுக்கு இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி ஜாடி. குண்டு மிளகாயை அதற்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தண்ணீர்: காவிரிக் கூட்டுக்குடிநீர் வரும் நாளில் பிடித்துவைக்கும் ஊர் இது. 200 லிட்டர் டிரம் ஒன்று கிட்டத்தட்ட நான்கு சதுர அடி தரையை எடுக்கும். அதை 'பிறகு எங்கேயாவது வச்சுக்கலாம்' என்று விடாமல், முதல் பிளானிலேயே இடம் ஒதுக்குங்கள். பரண் மேல் தொட்டி வைக்கும் யோசனை வேண்டாம். 200 லிட்டர் என்றால் 200 கிலோ. சாமான் வைக்கக் கட்டிய பரண் அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சிலிண்டர்: சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அழகுக்காகச் சிலிண்டரை முழுவதும் மூடிய கபோர்டுக்குள் வைத்தால் ஆபத்து. கதவின் கீழ்ப்பகுதியில் காற்றோட்டத் துளைகள் இருக்க வேண்டும், சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சக்கரம் வைத்த தட்டில் வைத்தால் தரையில் துருவளையமும் விழாது.

காற்றும் வெளிச்சமும் காசில்லாமல் வரும்

கொழும்பில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடு இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. 1958-ல் ஒரு குறுகிய சந்தில் வரிசையாக நின்ற நான்கு சின்ன வீடுகளில் ஒன்றில் குடியேறினார். பத்து வருஷத்தில் நான்கையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக்கினார். அங்கங்கே வானம் பார்த்த சிறு முற்றங்களை விட்டு வெளிச்சத்தை வீட்டின் வயிறு வரை கொண்டுவந்தார். நம்ம கடலுக்கு அந்தப் பக்கமும் இதே வெயில், இதே உப்பு. கீழக்கரை, ராமநாதபுரம் பழைய வீடுகளின் முற்றமும் இதே வேலையைத்தான் செய்தது.

ஃபிளாட்டில் முற்றம் கிடையாது. ஆனால் ஒரு விதி கிடைக்கிறது. காற்று ஒரு ஜன்னலில் நுழைந்தால் இன்னொரு வழியாக வெளியே போக வேண்டும். அந்த நேர்கோட்டை அடைக்கிற எந்தப் பொருளும் வேண்டாம். ஹாலை இரண்டாகப் பிரிக்கணும்னா கூரை வரை பலகை அடிக்காமல், நெஞ்சுயர ஷெல்ஃப் போதும். ஷெல்ஃபுக்கு முதுகுப்பலகை இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

மேற்குச் சுவர் மாலையில் அடுப்பாகும். அந்தச் சுவர்ப் பக்கம் படுக்காமல் அலமாரியை அங்கே மாற்றுங்கள். மொட்டை மாடிக்கு அடியில் உள்ள வீடு என்றால், மாடித்தரையில் வெள்ளைப் பூச்சு அடிப்பது உள்ளே எந்த அலங்காரத்தையும்விடப் பலன் தரும்.

கண்ணாடி வைத்தால் அறை பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான். ஜன்னலுக்கு எதிரே வையுங்கள். ஆனால் ஓரங்களை சிலிகான் சீலன்ட் போட்டு மூடாவிட்டால் ஈரம் ஏறிக் கறுப்புப் புள்ளி விழும்.

ஏசி வாங்கினால் உட்புற யூனிட்டைவிட வெளி யூனிட்டைப் பற்றிக் கேளுங்கள். செம்புக் காயில், அதன் மேல் துருத்தடுப்புப் பூச்சு இருக்கிறதா? அலைக்காற்று நேராக அடிக்காத சுவரில் மாட்ட முடியுமா? மாதம் ஒருமுறை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவ எட்டுமா? உப்பு படியும் வீட்டில் மின்கசிவு வாய்ப்பு அதிகம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் முதல் செலவே அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வாடகை வீட்டில் எவ்வளவு செலவு செய்யலாம்?

ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்த பிறகு, வேலைக்காக வெளியூரில் இருந்து வந்து குடியிருப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். நீங்களும் அப்படி வந்தவர் என்றால் கொள்கை ஒன்றுதான்: கழற்றி எடுத்துப் போக முடியாததில் காசு போடாதீர்கள். மடக்கு டேபிள், திவான், நிற்கும் ஷெல்ஃப், கொசுவலை ஃப்ரேம் எல்லாம் உங்களோடு வரும். சுவரோடு சேர்த்த வார்ட்ரோப் வராது.

இன்னொரு விஷயம். தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் (2017) 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. நீங்கள் ஏற்படுத்தாத கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பு, தேவையான குழாய், ஒயரிங் வேலைகள் உரிமையாளர் பொறுப்பு. கூரையில் காரை பெயர்ந்தால், குடியேறும் அன்றே போட்டோ எடுத்து எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். 'சரி, நாமளே பூசிக்கலாம்' என்று விட்டால் ஆபத்தும் உங்களுக்கு, செலவும் உங்களுக்கு.

எதை முதலில் செய்வது?

கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் இந்த வரிசையில் போங்கள்.

1. கூரை, கசிவு, மின்சாரப் பாதுகாப்பு. இவை சரியாகாமல் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம்.
2. ஜன்னல், கொசுவலை, காற்று போகும் வழி.
3. தண்ணீர், ஈரத்துணி, சிலிண்டர் மூன்றுக்கும் நிரந்தர இடம்.
4. சமையலறை ஷெல்ஃபும் ஒரு நல்ல அலமாரியும். தரையில் இருந்து குறைந்தது ஆறு அங்குலம் உயரத்தில். 2024 நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையைப் பார்த்த தரைத்தளக்காரர்களுக்கு இந்த ஆறு அங்குலத்தின் மதிப்பு தெரியும்.
5. மடக்கு டேபிள், திவான்.
6. பெயின்ட், விளக்கு, திரைச்சீலை, கண்ணாடி.

பெரும்பாலானவர்கள் ஆறில் தொடங்கி ஒன்றுக்கு வருகிறார்கள். அப்போது ஒன்றைச் செய்ய ஆறை உடைக்க வேண்டியிருக்கும்.

கார்பென்டரோடு பேசப் போகும்போது போனில் போட்டோவோடு மூன்று விஷயத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். உங்க கார்பெட் ஏரியா, எந்தப் பக்கத்து ஜன்னலில் எந்தக் காற்று வருது, வீட்டில் அதிகபட்சம் எத்தனை பேர் படுப்பீங்க. இந்த மூன்றையும் கேட்காமல் கொட்டேஷன் கொடுப்பவரிடம், இன்னும் ஒருவரிடம் கேட்டுவிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டு வாங்க.